தில்லி பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்டோபர் பிறந்துவிட்டால் தொலைபேசி ஓயாது. விடுமுறைப் பயணம், அலுவலக வேலையோடு ஒட்டிக்கொண்ட இரண்டு நாள், காசிக்குப் போகும் வழியில் ஒரு நாள் என்று ஊரிலிருந்து யாராவது கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட தோரணையிலேயே கேள்விகளைத் தொகுத்து, பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். கட்டணங்களும் திறக்கும் நேரங்களும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, எந்த மாதம் வந்தால் நல்லது? பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய வந்தால் தில்லியை அதன் நல்ல முகத்தோடு பார்க்கலாம். குளிர் விலகியிருக்கும், பூங்காக்கள் பூத்திருக்கும். அடுத்த இடம் அக்டோபருக்கு. தீபாவளியை ஒட்டிய வாரங்களிலும் நவம்பரிலும் காற்று கெட்டுப்போய்க் கண் எரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும்.

மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள், இரண்டாம் நாள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. சென்னையில் மாலையானால் கடற்காற்று உண்டு. இங்கே இரவிலும் சுவர் சுடும். வேறு வழியே இல்லையென்றால் காலை பத்து மணிக்குள் திறந்தவெளி இடங்களை முடித்துவிடுங்கள். பகலில் அருங்காட்சியகம், சாயங்காலம் கடைவீதி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டே நாள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. ஒரே நாளில் ஒன்பது இடம் காட்டுகிறோம் என்னும் சுற்றுலா பஸ்கள் காட்டுவது ஒன்பது வாகன நிறுத்துமிடங்களை.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாமல், பகுதி பகுதியாகப் பாருங்கள். சுற்றுலா வருகிறவர்களின் வசதிக்குத் தில்லியை நான்காகப் பிரிக்கலாம். வடக்கே ஷாஜகான் கட்டிய பழைய தில்லி: செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சவுக். நடுவே ஆங்கிலேயர் கட்டிய புதுதில்லி: இந்தியா கேட், ராஷ்டிரபதி பவன், கன்னாட் பிளேஸ். அதற்குத் தென்கிழக்கே நிஜாமுதீன் பக்கம்: ஹுமாயூன் கல்லறை, சுந்தர் நர்சரி, லோதி தோட்டம். தெற்கே மெஹ்ரோலி: குதுப் மினாரும் அதைச் சுற்றியுள்ளவையும். ஒரு பகுதிக்கு ஒரு நாள் கொடுத்தால் நான்கு நாளில் நிம்மதியாகப் பார்க்கலாம். இரண்டே நாள் என்றால் முதல் நாள் பழைய தில்லி, சாயங்காலம் இந்தியா கேட். மறுநாள் காலை குதுப் மினார், பிற்பகல் ஹுமாயூன் கல்லறை. மற்றவற்றை மறந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை எல்லாமே மூடியிருக்குமாமே?

எல்லாம் இல்லை. ஆனால் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தீன்மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட காந்தி ஸ்மிருதி, ரயில் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர், லோதி தோட்டம் ஆகியவை திறந்திருக்கும். ஆகவே திங்கட்கிழமையைத் தெற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

கடைகளுக்கு வேறு கணக்கு. சாந்தினி சவுக்கும் கான் மார்க்கெட்டும் ஞாயிறு விடுமுறை. கரோல் பாக், சரோஜினி நகர், லாஜ்பத் நகர் திங்கள் விடுமுறை. சில கடைகள் அதையும் மீறித் திறந்திருக்கும், ஆனால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். இன்னொன்று: ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் பாதுகாப்புக்காகச் செங்கோட்டையை மூடிவிடுவார்கள். ஜனவரி 26-க்கு முந்தைய வாரத்தில் அணிவகுப்பு ஒத்திகைக்காக இந்தியா கேட் பக்கம் சாலைகளை அடைப்பார்கள்.

இந்தி ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா?

தாராளமாக. மெட்ரோவில் எல்லாப் பலகையும் அறிவிப்பும் ஆங்கிலத்திலும் உண்டு. வாடகைக் காரைச் செயலியில் பதிவு செய்தால் பேச வேண்டிய தேவையே குறைவு. பழைய தில்லிக் கடைவீதியில் மட்டும் எண்கள் தெரிந்திருந்தால் உதவும்: தஸ் பத்து, பீஸ் இருபது, பச்சாஸ் ஐம்பது, சௌ நூறு. 'டேட் சௌ' என்றால் நூற்றைம்பது, 'டாயி சௌ' என்றால் இருநூற்றைம்பது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டில்தான். 'பையா, கித்னா?' என்று கேட்டுவிட்டுக் கால்குலேட்டரை நீட்டினாலும் வேலை நடக்கும்.

ஆட்டோவா, மெட்ரோவா, நாள் வாடகைக்குக் காரா?

மெட்ரோ. பார்க்க வேண்டிய இடங்களில் முக்கால்வாசிக்கு அருகிலேயே நிலையம் உண்டு. செங்கோட்டைக்கு லால் கிலா, மசூதிக்கு ஜாமா மஸ்ஜித், லோதி தோட்டத்துக்கு ஜோர் பாக், ஹுமாயூன் கல்லறைக்கு ஜே.எல்.என். ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி ஒரு ஆட்டோ. குதுப் மினார் நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கிருந்து மினாருக்கு நடப்பது சிரமம், ஆட்டோ பிடியுங்கள். விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து புதுதில்லி ரயில் நிலையத்துக்கு விமான நிலைய விரைவு மெட்ரோ சுமார் இருபது நிமிடத்தில் வந்துவிடும்.

நான்கைந்து பேராக, முதியவர்களோடு வந்தால் கார் வசதிதான். ஆனால் பழைய தில்லிக்குக் காரில் போகாதீர்கள். சாந்தினி சவுக்கின் முக்கியச் சாலையில் பகல் முழுவதும் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாவும் நடையும்தான்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம். வெளிநாட்டவர் கட்டணம் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். தொல்லியல் துறையின் சின்னங்களில் சார்க், பிம்ஸ்டெக் என்னும் தெற்காசிய, வங்கக்கடல் பகுதிக் கூட்டமைப்புகளின் நாட்டவர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணமே. இலங்கை இரண்டு அமைப்பிலும் இருக்கிறது. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்றவற்றில் இந்தியர் கட்டணம் சுமார் 40 ரூபாய், வெளிநாட்டவர் கட்டணம் சுமார் 600 ரூபாய் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. கவுன்டரில் இருப்பவர் தயங்கினால் கட்டணப் பலகையைச் சுட்டிக்காட்டுங்கள், அதிலேயே எழுதியிருக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களானாலும் இந்தியர் கட்டணம் செலுத்தினால் போதும். அட்டையை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. எல்லாருக்குமே இணையத்தில் வாங்கினால் சில ரூபாய் குறைவு, அதைவிட முக்கியமாக வரிசை மிச்சம்.

செங்கோட்டைக்குள் ஒன்றுமே இல்லை என்கிறார்களே, வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டால் போதாதா?

ஒன்றுமே இல்லை என்று தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த அரண்மனை நகரம் அது. 1857 எழுச்சியை அடக்கியபின் ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். வெள்ளைப் பளிங்கு மண்டபங்களுக்குப் பக்கத்திலேயே மொட்டையாக நிற்கும் மூன்றடுக்குக் கட்டடங்கள் அவைதான். தோட்டமும் மாளிகையுமாக எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இந்த இடிபாட்டுக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு வெற்றிடமும் பேசும்.

திவான்-இ-காஸ் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். மயிலாசனம் இருந்த இடம். 1739-ல் தில்லியைச் சூறையாடிய பாரசீக மன்னன் நாதிர் ஷா அதைத் தன் நாட்டுக்கு எடுத்துச்சென்றான். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரை 1858-ல் ஆங்கிலேயர் விசாரித்ததும் இதே கோட்டைக்குள்தான். 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கும் இங்கேதான் நடந்தது. பழைய படைவீரர் குடியிருப்பு ஒன்றில் அந்த ராணுவத்துக்கென அருங்காட்சியகம் இருக்கிறது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம் என்பதால், நம்மவர்கள் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். இன்னொரு தகவல், வினாடி வினாவுக்கு உதவும்: நேரு இந்தக் கோட்டையில் முதன்முதலாகக் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, 15-ஆம் தேதி அல்ல.

சாந்தினி சவுக்கில் எங்கே தொடங்குவது, எந்தக் கடைக்குப் போவது? நெரிசலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ஷாஜகானின் மகள் ஜஹானாரா பேகம் திட்டமிட்ட வீதி இது. செங்கோட்டை எதிரே தொடங்கி ஃபதேபூரி மசூதியில் முடிகிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சின்ன தூரத்துக்குள் பறவைகளுக்கு மருத்துவமனை வைத்திருக்கும் சமணர் கோயில், கௌரி சங்கர் கோயில், சீக்கிய குரு தேக் பகதூர் 1675-ல் உயிர்நீத்த இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, நாதிர் ஷா உட்கார்ந்து தில்லிவாசிகளைக் கொன்று குவிக்கச் சொன்ன பொன்மசூதி என்று வரிசையாக வருகின்றன. காலை பத்தரை மணிக்குப் போங்கள். கடைகள் அப்போதுதான் திறக்கும், நெரிசலும் தாங்கும்படி இருக்கும்.

முக்கிய வீதியில் இருப்பவை பெரும்பாலும் சாதாரணக் கடைகள். சுவையெல்லாம் சந்துகளில் இருக்கிறது, சந்துக்கு ஒரு தொழில். தரீபா கலானில் வெள்ளி நகை. கினாரி பஜாரில் ஜரிகையும் கல்யாண அலங்காரமும். பல்லிமாரானில் செருப்பும் மூக்குக்கண்ணாடியும்; கவிஞர் காலிப் வாழ்ந்த வீடும் அங்கேதான். நயீ சடக்கில் பாடப்புத்தகம், சாவ்டி பஜாரில் கல்யாணப் பத்திரிகை.

எனக்கு ஒரே ஒரு கடையைச் சொல்லும்படி கேட்டால் தரீபா கலானில் 1816 முதல் இருக்கும் குலாப் சிங் ஜோஹ்ரிமல் அத்தர் கடையைச் சொல்வேன். பட்டை தீட்டிய கண்ணாடிக் குப்பிகள் அலமாரியில் அணிவகுத்திருக்கும். கேட்டால் ஒரு துளியைப் புறங்கையில் தொட்டு வைப்பார்கள். 'மிட்டி' என்று கேளுங்கள்: காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்த வாசனை, சந்தன எண்ணெயில் இறக்கியது. உத்தரப்பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜில் சுட்ட களிமண்ணை வாலையில் வடித்து எடுக்கிறார்கள். உடனே முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். சந்தைச் சுற்றிவிட்டு அரைமணி கழித்துப் புறங்கையை முகர்ந்து பாருங்கள். அதற்குள் கூர்மை அடங்கி உண்மையான வாசனை நின்றிருக்கும். சின்னக் குப்பியே மாதக்கணக்கில் வரும், விலையும் கட்டுக்குள் இருக்கும்.

வீதியின் மறுமுனையில், ஃபதேபூரி மசூதியை ஒட்டி, காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளைக் கடக்கும்போது உள்ளூர்க்காரர்கள்கூட இருமிக்கொண்டுதான் நடப்பார்கள். குங்குமப்பூ, பாதாம், உலர்ந்த அத்திப்பழம் வாங்கலாம். ஏலக்காயும் மிளகும் வாங்க வேண்டாம். அவை நம் பக்கத்து மலைகளிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவை.

ஜும்மா மசூதிக்குள் எங்களை விடுவார்களா?

விடுவார்கள், தொழுகை நேரத்தில் மட்டும் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். முழங்கால் மூடிய உடை வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். கோடையில் முற்றத்துக் கல் பாதத்தைப் பொசுக்கும் என்பதால் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். 1656-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த மசூதியின் கிழக்குப் படிகளில் உட்கார்ந்து செங்கோட்டைப் பக்கம் பார்ப்பதற்குக் காசு கிடையாது. பழைய தில்லியில் அதைவிட நல்ல இடமும் கிடையாது.

குதுப் மினாரில் மேலே ஏற முடியுமா? என் அப்பா ஏறியிருக்கிறாராம்.

அப்பா சொல்வது உண்மையாக இருக்கும். ஒரு காலத்தில் ஏற அனுமதித்தார்கள். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, குறுகிய படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அன்றிலிருந்து கதவு பூட்டியிருக்கிறது. ஏறாமல் பார்ப்பதிலும் குறை இல்லை. சுமார் 73 மீட்டர் உயரம். கீழ் மூன்று அடுக்குகள் செம்மணற்கல், மேலே பளிங்கு கலந்தது. மின்னல் விழுந்து சிதைந்த உச்சியை ஃபிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் மாற்றிக் கட்டியதால்தான் இந்த நிற வேறுபாடு.

அங்கே உள்ள இரும்புத் தூணைப் பின்புறமாகக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்குமாமே?

நடக்குமோ நடக்காதோ, கட்டிப்பிடிக்க முடியாது. கைபட்டே தூணின் கீழ்ப்பகுதி தேய்ந்துபோனதால் 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள். குப்தர் காலத்துத் தூண், ஆறு டன்னுக்கு மேல் எடை, பிராமி எழுத்தில் கல்வெட்டு உண்டு. 1,600 ஆண்டு மழையில் துருப்பிடித்து அழியாததற்குக் காரணம் அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்கு நடந்து போங்கள். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. தில்லி சுல்தான் பல்பனின் கல்லறை, கொத்தர்களின் படிக்கிணறு என்னும் ராஜோன் கீ பாவ்லி, ஜமாலி கமாலி மசூதி என்று மரங்களுக்கிடையே ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். குதுப் மினாரில் முண்டியடித்துப் படம் எடுப்பவர்களில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. காலையில், இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

அடுத்த நாள் தாஜ்மகால் போகிறோம். ஹுமாயூன் கல்லறையும் பார்க்க வேண்டுமா? இரண்டும் கல்லறைதானே?

பார்க்க வேண்டும், அதுவும் தாஜ்மகாலுக்கு முன்பே. நான்கு கட்டமாகப் பிரித்த தோட்டத்தின் நடுவே, உயர்ந்த மேடையில், இரட்டைக் குவிமாடத்தோடு கல்லறை என்ற அமைப்பு இந்தியாவில் பிரம்மாண்டமாகக் கைகூடியது இங்கேதான். தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு மூத்தது. இதைப் பார்த்துவிட்டுப் போனால், ஷாஜகானின் கட்டடக் கலைஞர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று ஆக்ராவில் உங்களுக்கே புலப்படும். பிறகு பார்த்தால் தாஜ்மகாலின் மாற்றுக் குறைந்த நகல் என்று தோன்றிவிடும், அது அநியாயம்.

நுழைந்ததும் வலப்புறம் ஈசா கான் கல்லறை. எல்லாரும் கடந்து போய்விடுவார்கள். எட்டுப் பட்டை வடிவில், இன்னும் மூத்தது, இன்னும் சிறியது. எனக்குப் பெரியதைவிட இது பிடிக்கும். பகதூர் ஷா ஜஃபர் 1857-ல் ஒளிந்திருந்து பிடிபட்டது இந்த வளாகத்தில்தான். அவரது விசாரணை பற்றிச் செங்கோட்டைக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். 1947 பிரிவினையின்போது இதுவே அகதிகள் முகாம். வெளியே 2024-ல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகத்துக்குப் பகல் வெயிலில் போகலாம். அதன் வழியாகச் சுந்தர் நர்சரியையும் எட்டலாம்.

பூங்கா என்றால் எங்கள் ஊரில் இல்லாததா? தில்லியில் பூங்காவுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டுமா?

லோதி தோட்டத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றிப் புல்வெளி. அங்கிருந்த கிராமத்தை அப்புறப்படுத்தி 1936-ல் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்தார்கள். சீஷ் கும்பத் சுவரில் மிச்சமிருக்கும் நீல ஓடுகளுக்குக் கீழே ஓய்வுபெற்ற அதிகாரிகள் யோகாசனம் செய்வார்கள், காதலர்கள் மரத்தடியில் இருப்பார்கள், அமைச்சர் நடைப்பயிற்சி போனால் பின்னால் பாதுகாவலர் ஓடுவார். நுழைவுக் கட்டணம் இல்லை. காலை ஆறரை மணிக்கு வாருங்கள்.

சுந்தர் நர்சரி 2018-ல் சீரமைத்துத் திறந்தது, டிக்கெட் உண்டு. பிள்ளைகளோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போக ஏற்றது. குளிர்கால ஞாயிற்றுக்கிழமையில் தில்லி முழுவதும் அங்கேதான் இருக்கும். ராஷ்டிரபதி பவனின் அம்ரித் உத்யான், பழைய பெயர் முகலாயத் தோட்டம், பிப்ரவரியிலிருந்து மார்ச் கடைசிவரை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். இலவசம்தான், ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அங்குள்ள மூலிகைத் தோட்டம் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது உருவானது.

ராஷ்டிரபதி பவனுக்குள்ளேயே போகலாமா?

போகலாம். இணையத்தில் நாளும் நேரமும் பதிவு செய்து, அடையாள அட்டையின் மூலப் பிரதியோடு போக வேண்டும். 340 அறைகளில் சிலவற்றையும், 2024 வரை தர்பார் மண்டபம் என்று பெயர் கொண்டிருந்த கணதந்திர மண்டபத்தையும் காட்டுவார்கள். அங்கே குடியேறிய முதல் இந்தியர் ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக.

உள்ளே போக முடியாவிட்டாலும் விஜய் சவுக்கில் நின்று ஒரு வேடிக்கை பாருங்கள். தூரத்தில் முழுதாகத் தெரிந்த மாளிகை, கிட்டே நெருங்க நெருங்க மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். சவுக்குக்கு வந்ததும் குவிமாடம் மட்டும்தான் மிஞ்சும். இருபுறமும் தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கர் சாலையின் சரிவைச் செங்குத்தாக வைத்துவிட்டார் என்று மாளிகையைக் கட்டிய லட்யன்ஸ் அவரோடு பல ஆண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்.

இந்தியா கேட் பகலிலா, இரவிலா?

சூரியன் சாய்ந்த பிறகு. 42 மீட்டர் உயர வளைவின் கல்லில் முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆங்கிலோ-ஆப்கன் போரிலும் இறந்த வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. நம் வீட்டில் பலரும் தேடும் அணையா விளக்கு அங்கே இப்போது இல்லை. 2022 ஜனவரியில் அதைப் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். அந்த நினைவிடத்துக்கு நடந்து போங்கள், இலவசம். சுதந்திரத்துக்குப் பின் இறந்த வீரர்கள் ஒவ்வொருவருக்கும் வட்டச் சுவர்களில் ஒரு கருங்கல் பலகை. தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜன் பெயரைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

'அரசாங்கக் கடைக்குக் கூட்டிப்போகிறேன், தள்ளுபடி உண்டு' என்கிறார் ஆட்டோக்காரர். போகலாமா?

போகாதீர்கள். 'எம்போரியம்' என்று பலகை வைத்த எல்லாக் கடையும் அரசுக் கடை அல்ல. நீங்கள் வாங்குவதில் அழைத்துவந்தவருக்குப் பங்கு போகும், அது உங்கள் விலையில்தான் ஏறியிருக்கும். 'இன்று செங்கோட்டை மூடியிருக்கிறது', 'அந்தச் சாலை அடைத்திருக்கிறது' என்று யாராவது தானாக வந்து சொன்னால் அதுவும் அந்தக் கடைக்குப் போகும் பாதைதான். புதுதில்லி ரயில் நிலையத்துக்கு வெளியே 'உங்கள் ரயில் ரத்து, சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள்' என்பவர்களும் அதே ரகம்.

உண்மையான அரசுக் கடைகள் கன்னாட் பிளேஸிலிருந்து நடக்கும் தூரத்தில், பாபா கரக் சிங் சாலையில் வரிசையாக இருக்கின்றன. ராஜஸ்தானுக்கு ராஜஸ்தலி, குஜராத்துக்கு குர்ஜரி, நமக்குப் பூம்புகார். விலை நிர்ணயித்தது, பேரம் இல்லை, பெரும்பாலானவை ஞாயிறு விடுமுறை. முதலில் இங்கே விலையைப் பார்த்துக்கொண்டு வெளிச்சந்தைக்குப் போனால் யாரும் ஏமாற்ற முடியாது.

பேரம் பேசலாமா? எவ்வளவு குறைக்கலாம்?

ஜன்பத் நடைபாதையிலும் சரோஜினி நகரிலும் கட்டாயம் பேச வேண்டும். சொல்லும் விலையில் பாதியில் தொடங்கலாம். கைவினைச் சந்தையான தில்லி ஹாட்டில் அளவாகப் பேசலாம். அங்கே பல கைவினைஞர்கள் நேரடியாக வந்து விற்கிறார்கள், கடைகள் அவ்வப்போது ஆள் மாறும்; பின்னல் வேலைக்கு எத்தனை நாளானது என்று கேட்டுவிட்டால் பேரம் பேசும் வாய் தானே அடங்கும். அத்தர் கடையிலும், கான் மார்க்கெட்டில் 1953 முதல் இருக்கும் பாஹ்ரிசன்ஸ் போன்ற புத்தகக் கடைகளிலும் பேச்சே வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை இங்கே மலிவாமே?

காஞ்சிபுரத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே எதற்கு? பனாரசி, சந்தேரி, ஃபுல்காரி துப்பட்டா வேண்டுமென்றால் தேடலாம். குளிர்காலத்தில் சால்வை வாங்கலாம். 'அசல் பஷ்மினா' என்று நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குத் தருவது அசலாக இருக்க வழியே இல்லை.

சைவம்தான் சாப்பிடுவோம். பழைய தில்லியில் எங்கே?

நீங்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். பராட்டே வாலி கலியின் பழைய கடைகளில் எல்லாமே சைவம், வெங்காயமும் பூண்டும் இல்லாமல். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதால் ஒருவருக்கு இரண்டு போதும். தரீபா முனையில் 1884 முதல் இருக்கும் ஜிலேபிக் கடை தடிமனான, சூடான ஜிலேபிக்குப் பெயர்போனது. குளிர்காலத்தில் மட்டும் தெருவில் 'தௌலத் கீ சாட்' விற்பார்கள்: கடைந்த பால் நுரை, மேலே குங்குமப்பூ. வெயில் ஏறினால் அமர்ந்துவிடும் என்பதால் முற்பகலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். அசைவக்காரர்களுக்கு ஜும்மா மசூதி அருகே 1913-ல் தொடங்கிய கரீம்ஸ்.

சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இந்தியா கேட் பக்கம் ஆந்திர பவன் சாப்பாடு. வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். கன்னாட் பிளேஸில் சரவண பவன் உண்டு. பங்களா சாஹிப் குருத்வாராவின் லங்கரில், அதாவது இலவசப் பொதுப் பந்தியில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். தலையை மூடிக்கொள்ள வேண்டும், ரொட்டியை இரு கையாலும் வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எதையெல்லாம் தவிர்ப்பது?

ஜும்மா மசூதிப் படிகளையும் ஹுமாயூன் கல்லறையின் மேடைப் படிகளையும். பின்னது செங்குத்து, கீழே தோட்டத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். குதுப் மினார் வளாகம், லோதி தோட்டம், சுந்தர் நர்சரி பெரும்பாலும் சமதளம். சாந்தினி சவுக்கை சைக்கிள் ரிக்‌ஷாவில் காட்டுங்கள், ஏறும்முன் மொத்தத் தொகையைப் பேசிக்கொண்டு. ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாத சுவாமி குன்றின்மேல்தான் இருக்கிறார். ஏறுவதற்குப் படிகள் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

நானும் தோழியும் மட்டும் வருகிறோம். பயமில்லையா?

பகலில் மேற்சொன்ன இடங்களில் பயமில்லை. மெட்ரோவில் ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. இருட்டியபின் ஆளில்லாத தோட்டங்களும் இடிபாடுகளும் வேண்டாம். மெஹ்ரோலி பூங்காவைக் காலையிலேயே பார்க்கச் சொன்னதும் இதனால்தான். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய தில்லியில் பணப்பைக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆக்ராவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும், வெள்ளிக்கிழமை தவிர. அன்று தாஜ்மகால் விடுமுறை. ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆக்ரா சேர்த்து, இரவு திரும்பக் கொண்டுவிடும். அதுவும் வெள்ளியன்று ஓடாது. ஆனால் இரண்டே நாள் என்று வந்தவர்கள் அதில் ஒன்றை ஆக்ராவுக்குக் கொடுத்தால் தில்லியின் கணக்கு பாதியாகிவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள். இரவுதான் ஊருக்கு ரயில், அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டோம். பகல் முழுவதும் என்ன செய்வது?

பெட்டிகளை நீங்கள் தங்கிய இடத்திலேயே வைத்துவிட்டுப் போக அனுமதிப்பார்கள். இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் பொருள் பாதுகாப்பு அறை உண்டு, பெட்டிக்குப் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தில்லி கேட் மெட்ரோவில் இறங்கி மஹிளா ஹாட்டுக்குப் போங்கள். தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த பழைய புத்தகச் சந்தை 2019-ல் இங்கே இடம் மாறியது. சில கடைகளில் புத்தகத்தை எடை போட்டு விற்பார்கள். ரயிலில் எடுத்துப்போகும் சுமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

மற்ற நாட்களில் கன்னாட் பிளேஸ். ஜெய்சிங் மன்னர் வானத்தை அளக்கக் கட்டிய ஜந்தர் மந்தர், கட்டடங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் அக்ரசேன் படிக்கிணறு, விட்டுப்போன பொருளுக்குப் பாபா கரக் சிங் சாலை. எல்லாம் நடக்கும் தூரம். 1926-ல் தொடங்கிய வெங்கர்ஸ் அடுமனையில் ரயிலுக்கு ஏதாவது கட்டிக்கொள்ளலாம். உள்வட்டத்தின் வெள்ளைத் தூண் வரிசையில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் எந்த பிளாக்கில் இறங்கினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் மாலை ஐந்தரைக்கு மேல் பெட்டியோடு ஏற முடியாத கூட்டம்; ரயில் ஒன்பது மணிக்கே ஆனாலும் ஐந்து மணிக்குள் நிலையம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். புதுதில்லி நிலையத்தில் அஜ்மேரி கேட் பக்கமாக நுழைந்தால், மறுபக்கத்துப் பஹாட்கஞ்ச் தரகர்களிடமும் சிக்க மாட்டீர்கள்.